எல்லையோரக் காகிதங்கள்: புரியாத மொழிக்கு அறிகுறி வாரியாகத் தீர்வு

கேரளத்தின் பாலக்காடு மாவட்ட எல்லையில், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வாளையார் பக்கம் குடியிருக்கும் தமிழர் வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தால் அது மூன்று மொழிகளில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். வில்லேஜ் ஆபீஸிலிருந்து மலையாளம், வங்கியிலிருந்து ஆங்கிலம், பொள்ளாச்சிப் பக்கத்துப் பூர்வீகச் சொத்து பற்றியதென்றால் தமிழ். மூன்றிலும் தொல்லை ஒன்றுதான். எழுதியவர் தன் மேலதிகாரியை நினைத்து எழுதியிருப்பார், வாங்கிப் படிக்கப்போகிறவரை நினைத்திருக்க மாட்டார்.

டிகிரி முடித்த பிள்ளைகளே இந்தக் காகிதங்களைப் பார்த்து விழிக்கிறார்கள். ஆகவே புரியவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. புரியாததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவதில்தான் பல குடும்பங்களின் நஷ்டம் தொடங்குகிறது. கீழே அறிகுறிகளைப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் கையிலிருக்கும் காகிதத்துக்குப் பொருந்தும் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

எந்தக் காகிதமானாலும் முதலில் செய்ய வேண்டியது

முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். ஒரு பென்சிலை எடுத்து நான்கு விஷயங்களைத் தேடிக் கோடு போடுங்கள்: அனுப்பியது யார், என்ன செய்யச் சொல்கிறார், எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும்.

நான்காவதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மலையாளக் காகிதத்தில் 'பக்ஷம்' என்று முடியும் சொல்லைத் தேடுங்கள். 'அல்லாத்தபக்ஷம்', 'ஹாஜராக்காத்தபக்ஷம்' என்றெல்லாம் வரும். தமிழ்க் காகிதத்தில் 'தவறும்பட்சத்தில்' என்று இருக்கும். அதற்குப் பிறகு வரும் சொற்களில்தான் அபராதமோ, ஜப்தியோ, விண்ணப்பம் தள்ளுபடி ஆவதோ இருக்கும். அதற்கு முன்னால் எத்தனை சட்டப் பிரிவுகள் அடுக்கியிருந்தாலும் இரண்டாவது வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. 'ஹாஜராகணம்' என்றால் நீங்கள் நேரில் போக வேண்டும். 'ஹாஜராக்கணம்' என்றால் காகிதங்களைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆகு, ஆக்கு என்ற நம் வித்தியாசம்தான். வேகமாகப் படித்தால் தவறிவிடும், ஒரு நாள் கூலியும் அதோடு போய்விடும்.

அறிகுறி: சொல் எல்லாம் தெரிந்த சொல்லாக இருக்கிறது, ஆனால் அர்த்தம் பொருந்தவில்லை

எல்லையோரத்தில் மிக அதிகமாக ஏமாற்றும் கோளாறு இது. முழுக்கப் புரியாத சொல்லை யாரிடமாவது கேட்டுவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லைக் கேட்காமல் விட்டுவிடுவோம். மலையாள அரசுக் காகிதத்தை யாராவது வாசித்துக் காட்டும்போது தமிழ்க் காதுக்கு இது அடிக்கடி நடக்கும்.

'காலாவதி' என்று ஒரு சொல். தமிழில் அது முடிந்துபோனது என்று பொருள். காலாவதியான மருந்து என்கிறோம். மலையாளத்தில் அதே ஒலிக்கு, செல்லுபடியாகும் கால அளவு என்று பொருள். 'காலாவதி மார்ச் 31 வரை' என்றிருந்தால் மார்ச் 31 வரை அது செல்லும். முடிந்துபோனதைச் சொல்ல அங்கே 'காலஹரணப்பெட்டு' என்று வேறு சொல் இருக்கிறது. "ஏனுங்க, காலாவதின்னு போட்டிருக்குதே, பணம் போயிருச்சுங்களா?" என்று ஓர் அம்மா கூட்டுறவுச் சங்க டெபாசிட் ரசீதை நீட்டிக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த பயம் நியாயமானது. பணம் பத்திரமாகத்தான் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் யாராவது தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் அந்த இரவு தூங்கியிருப்பார்.

அதைவிட ஆபத்தானது 'பாத்யத'. நம் பழைய பத்திரங்களில் பாத்தியதை என்றால் உரிமை. 'சர்வ பாத்தியதையும்' என்று எழுதினால் எல்லா உரிமையும் என்று பொருள். மலையாளத்தில் பாத்யத என்பது கடன், பொறுப்பு, வில்லங்கம். கிட்டத்தட்ட நேர் எதிர். ஒரு சொத்தில் பாத்யத உண்டு என்று எழுதியிருந்தால் அதன் மேல் கடனோ வழக்கோ இருக்கலாம். அந்த இடத்தில் மேலே படிக்காமல் நிறுத்துங்கள். நம் வில்லங்கச் சான்றை அங்கே பாத்யதா சர்ட்டிபிக்கட் என்றும் குடிக்கட சர்ட்டிபிக்கட் என்றும் சொல்வார்கள். இரு பக்கத்திலும் இ.சி. என்று கேட்டால் புரிந்துவிடும்.

'அவகாசம்' அங்கே உரிமை, இங்கே கால நீட்டிப்பு. 'அவகாசி' என்பவர் வாரிசு. 'பணயம்' அங்கே அடமானம். 'பணயாதாரம்' என்று தலைப்பிட்ட பத்திரம் அடமானப் பத்திரம். 'ஆதாரம்' என்று தனியாக வந்தால் அது பத்திரம். ஆதார் அட்டை என்று நினைத்து அட்டையோடு போய் நிற்பவர்கள் உண்டு. கிரயப் பத்திரத்தைத் 'தீராதாரம்' என்பார்கள். தான செட்டில்மெண்டை 'இஷ்டதானம்' என்றும், பாகப்பிரிவினையை 'பாகபத்ரம்' என்றும், பவர் பத்திரத்தை 'முக்த்யார்' என்றும் சொல்வார்கள். 'குடிசிக' என்றால் பாக்கி.

அப்புறம் 'போக்குவரவு'. வண்டி வாகனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் பட்டா மாறுதல்தான் அது. சப் ரிஜிஸ்திரார் ஆபீஸில் பத்திரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று நிறையப் பேர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு செய்து, உங்கள் பெயரில் 'தண்டப்பேர்' எண், அதாவது அங்குள்ள பதிவேட்டின் நில உரிமையாளர் கணக்கு எண், விழுந்தால்தான் நிலத்தின் கரம், அதாவது வரி, உங்கள் பெயரில் கட்ட முடியும். கரம் கட்டிய ரசீது இல்லாமல் கடன், வீட்டு அனுமதி என்று அடுத்த கதவு ஒவ்வொன்றும் அடைபட்டு நிற்கும். பத்திரம் கையில் இருந்தும் ரசீது பழைய உரிமையாளர் பெயரிலேயே வருகிறதா? பிரச்சினை இங்கேதான்.

சரிசெய்ய: மலையாளப் பத்திரத்தை எழுதும் ஆதாரம் எழுத்துக்காரரிடம், கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு பத்தியும் எதற்கு என்று ஒரு வரி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லச் சொல்ல அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து எழுத்துக்காரர்கள் பலருக்குத் தமிழ் நன்றாகவே வரும், கேட்டால் சொல்வார்கள். சொல்ல மறுப்பவரிடம் எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: வாங்கிய நிலத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்கவில்லை

நமக்கு நிலம் என்றால் எந்த நிலமும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவில் 'நிலம்' என்று போட்டிருந்தால் அது நெல்வயல். வீடு, தோட்டம் இருக்கும் மேட்டுப் பூமி 'புரயிடம்'. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் பணம் கொடுத்தவர்கள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. 2008இல் வந்த கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயலை நினைத்தபடி மேடாக்கி வீடு கட்ட முடியாது. கண்ணால் பார்க்கும்போது தென்னை நிற்கும், காய்ந்து கிடக்கும், பக்கத்தில் வீடும் இருக்கும். பதிவில் நிலம் என்றிருந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அது வயல்.

இதில் இன்னொரு கண்ணி. தமிழ்நாட்டுக் கணக்கில் புஞ்சை என்றால் மானாவாரிப் பூமி. மலையாளத்தில் 'புஞ்ச' என்பது நெல் சாகுபடிப் பருவம் ஒன்றின் பெயர், குறிப்பாகக் கோடையில் விளையும் நெல். விற்பவர் புஞ்ச என்று சொன்னதை மானாவாரிப் பூமி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இரண்டு: கரம் ரசீதில் நிலமா புரயிடமா என்பது; அந்த சர்வே எண், நெல்வயல்களின் அரசுப் பட்டியலான 'டேட்டா பேங்க்'கில் இருக்கிறதா என்பது. வில்லேஜ் ஆபீஸிலும், கிருஷி பவன் என்ற வேளாண்மை அலுவலகத்திலும் விசாரிக்கலாம். தவறாக டேட்டா பேங்க்கில் சேர்ந்துவிட்ட இடத்தை நீக்க, வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ.விடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் அது வாங்கிய பிறகு அலைய வேண்டிய அலைச்சல். விற்பவரை முதலில் அதை முடித்துத் தரச் சொல்லுங்கள்.

அறிகுறி: இருபது சென்ட் வாங்கினோம், ரசீதில் எட்டு என்று இருக்கிறது

பயப்பட வேண்டாம், இது பெரும்பாலும் அளவைக் குழப்பம். ரசீதில் ஹெக்டேர், ஆர், சதுர மீட்டர் என்று மூன்று கட்டம் இருக்கும். ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். கட்டத்தில் 0, 8, 09 என்றிருந்தால் 809 சதுர மீட்டர், நம் கணக்கில் 20 சென்ட். ஆரை 2.47ஆல் பெருக்கினால் சென்ட் வந்துவிடும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பெருக்கிப் பார்த்தும் குறைந்தால்தான் சர்வேயரைத் தேட வேண்டும்.

அறிகுறி: தாத்தா காலத்துப் பத்திரத்தில் ஆண்டு 1115 என்கிறது

அது கொல்லம் ஆண்டு. கி.பி. 825இல் தொடங்கிய கணக்கு. சிங்ஙம், அதாவது நம் ஆவணி, முதல் மாதம். டிசம்பர் முடியும் வரை 824ஐக் கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து கர்க்கடகம், அதாவது நம் ஆடி, முடியும் வரை 825ஐக் கூட்டுங்கள். 1115 கன்னி என்றால் 1939 புரட்டாசி. 1115 கும்பம் என்றால் 1940 மாசி. கணக்கு சரிதானா என்று சோதிக்க, கேரளத்தில் இன்றும் பேசப்படும் '99ஆம் ஆண்டு வெள்ளத்தை' எடுத்துக்கொள்ளுங்கள். அது கொல்லம் 1099 கர்க்கடகம், அதாவது 1924 ஜூலை.

கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் பகுதி அன்று கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்திலேயே உள்ள பாலக்காடு, மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. அதனால்தான் சில மைல் தூரத்தில் இருக்கும் இரண்டு சொந்தக்காரர்களின் பழைய பத்திரங்கள் இரண்டு விதமான கலைச்சொற்களோடு இருக்கின்றன. உங்கள் பங்காளியின் பத்திரத்தில் உள்ள சொல் உங்களுடையதில் இல்லை என்பதற்காக ஏதோ விட்டுப்போனது என்று முடிவு கட்டாதீர்கள்.

அறிகுறி: ரேஷன் அட்டையில் எழுதியிருக்கும் பிரிவு விளங்கவில்லை

கேரள அட்டையில் 'முன்கணனா' என்றால் முன்னுரிமை. 'முன்கணனேதரம்' என்றால் முன்னுரிமை இல்லாதது. கடைசியில் 'ஏதரம்' என்று ஒட்டி வந்தால் 'அது அல்லாத' என்று பொருள். விவசாயம் அல்லாததைக் 'கார்ஷிகேதரம்' என்பதும் அப்படித்தான். நிறத்தை வைத்தும் அறியலாம்: மஞ்சள் மிக ஏழைகளுக்கான அந்த்யோதயா, இளஞ்சிவப்பு முன்னுரிமை, நீலம் முன்னுரிமை இல்லாத மானியப் பிரிவு, வெள்ளை மானியம் இல்லாத பிரிவு. 'குணபோக்தாவு' என்று வந்தால் அது பயனாளி, நீங்கள்தான்.

அறிகுறி: கடன் வட்டி பத்து சதவீதம் என்றார்கள், கட்டுவது அதிகமாக இருக்கிறது

இங்கே மொழிச் சிக்கல் எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. 'பிளாட் ரேட்' 10 சதவீதத்தில் ஒரு லட்சம் வாங்கி, ஓர் ஆண்டில் மாதத் தவணையாகக் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 1,10,000. மாதம் 9,167 ரூபாய் அளவில் வரும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்துக் கடைசி மாதம் வரை வட்டி ஓடுகிறது. குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால் அதே தவணையின் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 18 சதவீதம். இதில் பிராசசிங் சார்ஜ், கட்டாய இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

இதற்கு மருந்து இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு. ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்' என்ற முக்கிய விவரத் தாளைத் தர வேண்டும். கே.எஃப்.எஸ். என்று கேளுங்கள். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும், விளக்கியும் சொல்ல வேண்டும். எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி, ஏ.பி.ஆர். என்ற பெயரில் அதில் இருக்கும். இரண்டு இடங்களை ஒப்பிடும்போது அந்த ஓர் எண்ணை மட்டும் பாருங்கள். அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வாங்கக் கூடாது. ஏழு நாளோ அதற்கு மேலோ காலமுள்ள கடனென்றால், அந்தத் தாளில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு மாறக் கூடாது. ஆகவே "இன்னிக்கே சைன் பண்ணணும்" என்று அவசரப்படுத்தினால், தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படியுங்கள்.

இன்சூரன்ஸிலும் இப்படி ஒரு வசதி உண்டு. பாலிசியின் சாரத்தைச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளை உள்ளூர் மொழியில் கேட்கலாம். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாட்கள் படிப்பதற்காகத்தான்.

அறிகுறி: மருந்துச் சீட்டில் எழுத்துகள் மட்டும் இருக்கின்றன

ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கும் முன், எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. பின். கண் மருத்துவரின் சீட்டில் ஓ.டி. என்றால் வலது கண், அங்கே மட்டும் கவனம். மருந்துக்கடையில் அட்டையின் மேல் சூரியன், நிலா படம் போட்டுத் தரச் சொல்லுங்கள், செய்வார்கள். மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இலேயே மருத்துவர்களுக்கு விதி வந்துவிட்டது. படிக்க முடியவில்லை என்று திருப்பிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'அன்ரிமார்க்கபிள்' என்று இருந்தால் குறிப்பிடும்படி கோளாறு இல்லை என்று பொருள். 'என்.ஏ.டி.'யும் அதுவே. பாலக்காடு, திருச்சூர் ஆஸ்பத்திரிகளில் 'பைஸ்டாண்டர்' வரட்டும் என்று மைக்கில் அழைத்தால், நோயாளியோடு கூட வந்திருக்கும் உங்களைத்தான் அழைக்கிறார்கள்.

அறிகுறி: பதில் வந்தது, ஆனால் பதில் இல்லை

இது தமிழ்நாட்டுப் பக்கக் காகிதங்களில் அதிகம். 'பார்வையில் காணும் தங்களது மனு தொடர்பாக, மேற்படி பொருள் குறித்து உரிய நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' தமிழ்தான், ஒரு சொல்கூடக் கடினமில்லை, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. செய்பவர் யார் என்பதே இந்த வாக்கியத்தில் கிடையாது. 'தெரிவித்துக்கொள்ளப்படுகிறது', 'பரிசீலிக்கப்படும்', 'அறிவுறுத்தப்பட்டுள்ளது' போன்ற வினைகள் எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் 'யார்?' என்று பென்சிலால் எழுதுங்கள். எனக்கு இந்த நடை மேல் உள்ள கோபம் மறைக்கக் கூடியதல்ல. வயதானவர்கள் பஸ் பிடித்துப் போய் வாங்கி வரும் பதில் இது.

சரிசெய்ய, 'பார்வை' என்ற இடத்தில் இருக்கும் எண்களையும் மேலே ந.க. என்று போட்டிருக்கும் கடித எண்ணையும் குறித்துக்கொண்டு மறு கடிதம் எழுதுங்கள். மூன்று கேள்வி போதும்: என் மனு இப்போது எந்தப் பதவியில் இருப்பவரின் மேஜையில் இருக்கிறது? அவர் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன? என்னிடமிருந்து இன்னும் ஏதாவது காகிதம் வேண்டுமா? அதற்கும் இதே மாதிரி பதில் வந்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். அங்கே 'ஏன் தாமதம்' என்று கேட்டால் நழுவ இடம் கொடுத்துவிடுவீர்கள். 'என் மனு மீது தேதிவாரியாக எடுத்த நடவடிக்கையின் விவரமும் கோப்புக் குறிப்புகளின் நகலும் வேண்டும்' என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது தகவல் அலுவலரின் கடமை, அது அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் இருக்கிறது.

அறிகுறி: "மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாங்க" என்று மனுவைத் திருப்புகிறார்கள்

அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்திய அரசிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கலாம் என்கிறது. அது போக, கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தனியாக இடம் கொடுத்திருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும்.

கவுண்டரில் சண்டை போட வேண்டாம். "சாரே, 69ஆம் வருஷச் சட்டப்படி தமிழில் கொடுக்கலாம், வாங்கிக்கொண்டு ரசீது தாங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள். எதிரே இருப்பவருக்கு அந்தச் சட்டம் தெரியாமல் இருக்கலாம், அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

ஆனால் நம் பக்கமும் ஒன்று பார்க்க வேண்டும். மனு எழுதித் தருபவர்கள் 'மாண்புமிகு சமூகம் அவர்களுக்குச் சமர்ப்பிக்கும் பணிவான விண்ணப்பம்' என்று தொடங்கி, விஷயத்தை இரண்டாம் பக்கத்தில் புதைத்து வைக்கிறார்கள். படிக்கும் குமாஸ்தாவுக்குத் தமிழ் அரைகுறை. அவருக்கு இது எப்படிப் புரியும்? இப்படி எழுதினால் போதும்:

'வில்லேஜ் ஆபீஸர் அவர்களுக்கு. நான் இந்த வில்லேஜில், இந்த சர்வே எண்ணில் 20 சென்ட் வாங்கியிருக்கிறேன். ஆதாரம் எண்ணும் தேதியும் இவை. போக்குவரவு செய்யக் கேட்டு இந்தத் தேதியில் விண்ணப்பித்தேன். இன்னும் நடக்கவில்லை. எது பாக்கி என்று எழுத்தில் சொல்ல வேண்டுகிறேன்.'

போக்குவரவு, ஆதாரம், தண்டப்பேர், கரம் என்று அவர்கள் பதிவேட்டில் இருக்கும் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் போடுங்கள். மற்றவை எளிய தமிழில் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அதே நாளில் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை மனுவின் நகலோடு பின் போட்டு வையுங்கள்.